வால்ட்ஸ்: நடனமா, நடையா, நக்கலா?

கேள்வி இதுதான்: “ஒரு ஆங்கிலக் கதையில் ஒருவன் 11 மணிக்கு அலுவலகத்துக்குள் ‘வால்ட்ஸ்ட் இன்’ என்று வருகிறது. விளையாட்டுச் செய்தியில் ஒரு அணி இறுதிப்போட்டிக்குள் ‘வால்ட்ஸ்ட் இன்டூ’ என்று போட்டிருக்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் ‘மூன்று தாளத்தில் ஆடும் ஜோடி நடனம்’ என்கிறது. அலுவலகத்துக்குள் யாராவது நடனமாடிக்கொண்டு வருவார்களா? உண்மையில் வால்ட்ஸ் என்றால் என்ன, எப்படி ஆடுவது, அந்தச் சொல்லை எங்கே எப்படிப் பயன்படுத்துவது?”

அகராதி சொன்னது தப்பில்லை, ஆனால் வால்ட்ஸின் அடிப்படை தாளம் அல்ல. சுழற்சி. அந்தச் சுழற்சியை அலட்டிக்கொள்ளாமல் செய்வதுதான் நடனத்தின் அழகு. அலட்டிக்கொள்ளாத அதே தோரணையை நடனக்கூடத்துக்கு வெளியே ஒருவர் காட்டினால் பக்கத்தில் நிற்பவருக்கு எரியும். ‘வால்ட்ஸ்ட் இன்’ என்ற பிரயோகத்தில் பேசுவது அந்த எரிச்சல்.

வேரிலிருந்து தொடங்கலாம். ஜெர்மன் மொழியில் ‘வால்ட்ஸன்’ என்றால் உருள்வது, சுழல்வது. ‘வால்ட்ஸர்’ அந்த வினையிலிருந்து வந்த நடனப் பெயர். அதே குடும்பத்தில்தான் ‘வால்ட்ஸே’ என்ற சொல்லும் இருக்கிறது. அதற்கு உருளை என்று பொருள், சாலை போடும் ரோடு ரோலரையும் குறிக்கும். எஃகைத் தகடாக உருட்டும் ஆலைக்கு ஜெர்மானியர் வைத்த பெயர் ‘வால்ட்ஸ்வெர்க்’. ஆக, பெயர் வைத்தவர்கள் கவனித்தது எத்தனை தாளம் என்பதை அல்ல, ஜோடி உருண்டுகொண்டே போவதை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. சுழற்சி என்ற பொருளும் கூடவே வந்தது. ஆய்வகங்களில் ‘வால்ட்ஸிங் மைஸ்’ என்று ஒரு வகைச் சுண்டெலி உண்டு. காதின் உள்ளே சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பு பிறவியிலேயே பழுதாக இருப்பதால் ஓயாமல் வட்டமடிக்கும். பிரிட்டன் திருவிழாத் திடல்களில் ‘வால்ட்ஸர்’ என்றொரு ராட்டினம். மேடை சுற்ற, அதன்மேல் ஒவ்வொரு தொட்டியும் தனியாகச் சுற்றும். எலிக்கும் தெரியாது, தொட்டிக்கும் தெரியாது மூன்று தாளம். சுற்றுகின்றன, பெயர் ஒட்டிக்கொண்டது.

உச்சரிப்பை ஒரு வரியில் முடித்துவிடலாம். அமெரிக்கர் ஏறக்குறைய ‘வால்ட்ஸ்’ என்பார்கள். பிரிட்டனில் ‘வோல்ட்ஸ்’, பல சமயம் நடுவில் ‘ட்’ மறைந்து ‘வோல்ஸ்’. எழுத்தில் கடைசி எழுத்து இஸட். எஸ் போட்டு எழுதுவதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் பிழை. பன்மைக்கு ‘இ-எஸ்’ சேர வேண்டும், இறந்தகாலத்துக்கு ‘இ-டி’.

இனி தாளம். வால்ட்ஸ் இசை 3/4இல், அதாவது மும்மூன்று தட்டாக, நடக்கும். முதல் தட்டில் அடிநாதம் கனமாக விழும், அடுத்த இரண்டும் இலேசாகத் தொடரும்: ஊம்-பா-பா, ஊம்-பா-பா. திஸ்ரத்தில் ‘தகிட தகிட’ என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். ‘த’வில் மட்டும் எடையை வைத்துக்கொண்டால் போதும். ஆனால் மூன்று எண்ண முடிந்ததெல்லாம் வால்ட்ஸ் ஆகிவிடாது. பிரிட்டிஷ் தேசியகீதம் 3/4தான். அந்த மெட்டில் முத்துசுவாமி தீட்சிதர் ‘சந்ததம் பாஹிமாம்’ என்று நோட்டுஸ்வர சாகித்தியம் செய்தார்; அதையும் மூன்று மூன்றாக எண்ணலாம். இரண்டுமே வால்ட்ஸ் இல்லை. அவற்றில் ஒவ்வொரு தட்டும் ஏறத்தாழ ஒரே கனத்தோடு நிமிர்ந்து நடக்கிறது. முதல் தட்டில் தள்ளிவிட்டு அடுத்த இரண்டில் மிதக்கும் அசைவு கிடையாது. இலங்கையின் பைலா 6/8. காதுக்கு மும்மூன்றாகக் கேட்கும், ஆனால் இடுப்பைக் குலுக்கச் சொல்லுமே தவிர ஜோடியாக உருளச் சொல்லாது. எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி 1893இல் முடித்த ஆறாவது சிம்பொனியின் இரண்டாம் பகுதி 5/4, அதாவது ஐந்தைந்து தட்டு. ஒரு தட்டு கூடியும் குறைந்தும் தடுமாறுவதுபோல இருந்தாலும் கேட்பவர்கள் அதை ‘நொண்டி வால்ட்ஸ்’ என்றுதான் அழைக்கிறார்கள். எண்ணிக்கை கெட்டபோதும் மிதப்பு கெடவில்லை.

ஆடும் வால்ட்ஸில் இன்று இரண்டு வகை முக்கியம். வெறுமனே வால்ட்ஸ் என்றால் போட்டி நடனத்தில் மெதுவான வகை: மூன்று தட்டு ஒரு பார் என்ற கணக்கில் நிமிடத்துக்கு 28 முதல் 30 பார், அதாவது 84 முதல் 90 தட்டு. வியன்னா வால்ட்ஸ் அதைப்போல் இரண்டு மடங்கு, 58 முதல் 60 பார். இதில் வயதில் மூத்தது வேகமானதுதான். மெதுவான வகை பின்னால் வந்தது. ஆஸ்திரிய இசையமைப்பாளர் யோஹான் ஸ்ட்ராஸ் (அதே பெயருடைய அப்பா அல்ல, மகன்) எழுதிய நீல டான்யூப், 1867 பிப்ரவரியில் வியன்னாவில் முதலில் ஆண்கள் பாடகர்குழுவோடு அரங்கேறிய இசை, வியன்னா வகை. வியன்னா இசைக்குழுக்களிடம் இன்னொரு குறும்பு உண்டு. மூன்று தட்டையும் கடிகாரம்போல் சமமாகப் பிரிக்க மாட்டார்கள். இரண்டாம் தட்டை ஒரு மயிரிழை முன்னதாகவே போட்டுவிடுவார்கள். தாளக்கருவியை ஓடவிட்டு வீட்டில் பழகியவர் அங்கே போனதும் காலை எங்கே வைப்பதென்று தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

படிகளுக்கு வருவோம். எல்லா வகுப்பிலும் முதலில் சொல்லித் தருவது பெட்டி நடை, அதாவது தரையில் ஒரு சதுரம். ஜோடியில் வழிநடத்துபவர் லீட், பின்தொடர்பவர் ஃபாலோ. லீட் செய்பவருக்கு: ஒன்றில் இடது கால் முன்னே. இரண்டில் வலது கால் நேராகப் பக்கவாட்டில் போகாமல், முதலில் இடது காலின் பக்கம்வரை வந்து, அதை உரசினாற்போல் திரும்பி வலப்பக்கம் போகும். மூன்றில் இடது கால் வந்து வலது காலோடு சேரும். உடல் எடை முழுவதும் இடது காலுக்கு மாறும். நான்கில் வலது கால் பின்னே. ஐந்தில் இடது கால் இடப்பக்கம். ஆறில் வலது கால் சேர்ந்து எடையை வாங்கிக்கொள்ளும். ஃபாலோ செய்பவர் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல இதே வேலையை மறுகாலில், பின்னோக்கித் தொடங்கிச் செய்வார். பக்கவாட்டு அடி தோள் அகலத்துக்கு மேல் போகக் கூடாது.

வால்ட்ஸ் பழகுபவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் விழும் குழி மூன்றாம் தட்டில் இருக்கிறது. காலைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள், எடையை மாற்ற மாட்டார்கள். சும்மா தொட்டு நிற்பார்கள். நான்காம் தட்டில் எந்தக் காலை எடுக்க வேண்டுமோ அந்தக் கால்மேலேயே நின்றுகொண்டிருப்பார்கள். பிறகு ஒரு சின்னக் குதிப்பு, ஒரு மன்னிப்பு, ஒரு மிதி. காரணம் எளிய கணக்கு. கால் இரண்டு, தட்டு மூன்று. நாலு தட்டு இசையில் ஒவ்வொரு முறையும் ‘ஒன்று’ ஒரே காலில் விழும். உடம்பு அதற்குப் பழகிப் போயிருக்கிறது. மூன்றில் ‘ஒன்று’ ஒருமுறை இடதில் விழுந்தால் அடுத்தமுறை வலதில்தான் விழ வேண்டும். ஆறு தட்டு முடிந்தால்தான் கணக்கு நேராகும். அதனால் 1-2-3, 1-2-3 என்று எண்ணாமல் 1-2-3-4-5-6 என்று எண்ணிப் பழகுவது நல்லது. மூன்றிலும் ஆறிலும் ஒரு கணம் மறுகாலைத் தரையிலிருந்து தூக்கிப் பாருங்கள். விழாமல் நிற்க முடிந்தால் எடை மாறிவிட்டது என்று அர்த்தம்.

சுழற்சி இதற்குமேல்தான் வருகிறது. பெட்டி நடையை இடப்பக்கமாகத் திருப்ப, ஒவ்வொரு மூன்று தட்டுக்கும் கால் வட்டம், அதாவது 90 பாகை. நான்கு பாரில், 12 தட்டில், ஒரு முழுச்சுற்று. ஆரம்பத்தில் 90 பாகை அதிகம், 45இல் தொடங்குங்கள். திருப்பத்தைத் தோளால் தள்ளித் தொடங்குவது அடுத்த பெரிய பிழை. தோள் முதலில் திரும்பினால் கையின் சட்டகம் நொறுங்கும், ஃபாலோ செய்பவர் பின்னால் இழுபடுவார், கால் அரை தட்டு தாமதமாக வரும். ஒன்றாம் தட்டில் வைக்கும் காலின் நுனி போக வேண்டிய பக்கம் சற்றே திரும்பியிருந்தால் உடம்பு தானாகப் பின்தொடரும்.

பிடி எப்படி என்றால், லீடின் வலது உள்ளங்கை ஃபாலோவின் இடது தோள்பட்டை எலும்பின்மேல், விரல்கள் சேர்ந்து. ஃபாலோவின் இடது கை லீடின் வலது மேற்கைமேல். மறுகைகள் இருவரில் குட்டையானவரின் கண்மட்டத்தில் கோத்திருக்கும். இருவரும் நேருக்கு நேராக நிற்பதில்லை. ஒவ்வொருவருக்கும் மற்றவர் சற்று வலப்பக்கம் தள்ளி இருப்பார். தன் வலது கால் எதிராளியின் இரு கால்களுக்கு நடுவே போகும் அளவுக்கு. நேருக்கு நேர் நின்றால் முழங்கால் முட்டும், அவ்வளவுதான். பார்வை எதிராளியின் வலது தோளுக்கு மேலாக வெளியே போக வேண்டும். கீழே காலைப் பார்த்தால் என்ன கெடும் என்று கேட்பார்கள். மனிதத் தலை நாலரை, ஐந்து கிலோ இருக்கும். அது முன்னால் கவிழ்ந்ததும் முதுகு வளையும், இடுப்பு பின்னால் போகும், எதிரில் இருப்பவரின் இடம் பறிபோகும். அப்புறம் மிதிபடப் போவது நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த அதே கால்தான்.

மிதப்பு எங்கிருந்து வருகிறது? ஒன்றில் முன்னே போகும்போது குதிகால் முதலில் தரையைத் தொடும், முழங்கால் நெகிழ்ந்திருக்கும். ஒன்றின் முடிவில் உடல் எழத் தொடங்கும், இரண்டில் எழும், மூன்றில் உச்சம், மூன்றின் கடைசித் துளியில் இறங்கும். இறக்கம் சீக்கிரம் வந்தால் சைக்கிளுக்குப் பம்ப் அடிப்பதுபோல ஒவ்வொரு தட்டிலும் மேலும் கீழும் குதிப்பீர்கள். வால்ட்ஸின் அழகு அங்கேயே போய்விடும். பரதநாட்டியம் கற்றவர்களுக்கு இங்கே தனியாக இரண்டு சங்கடம். அரைமண்டியில் பாதம் வெளிப்பக்கம் திரும்பியே பழகியிருக்கும். வால்ட்ஸில் பாதங்கள் ஒன்றுக்கொன்று இணையாக, முன்னோக்கி இருக்க வேண்டும். வெளியே திரும்பிய கட்டைவிரல் ஜோடியின் கணுக்காலில் போய் இடிக்கும். இரண்டாவது, முழுப் பாதத்தையும் தட்டி வைக்கும் பழக்கம். இங்கே தட்டக் கூடாது. காலை வழுக்கிக் கொண்டுபோக வேண்டும். தாளத்தில் அவர்கள் மற்றவர்களைவிட எவ்வளவோ முன்னே இருப்பார்கள் என்பதால் இந்த இரண்டையும் சரிசெய்தால் வேகமாகத் தேறிவிடுவார்கள்.

வியன்னா வகையில் ஆறு அடிக்கு ஒரு முழுச்சுற்று. நிமிடத்துக்கு 60 பார் என்றால் இரண்டு நொடிக்கு ஒரு சுற்று. வலச்சுற்று ஆடும்போது ஜோடி கடிகாரமுள் திசையில் சுழலும், ஆனால் கூடத்தைச் சுற்றி நகர்வது எதிர்த்திசையில். எல்லா ஜோடிகளும் அதே திசையில்தான் நகர வேண்டும், இது விதி. நடுவில் எதிர்த்து வருபவர் ஒருவழிப்பாதையில் தப்பாக நுழைந்த ஆட்டோவுக்குச் சமம். தலைசுற்றல் வரும். உட்காதில் உள்ள திரவம் நாம் நின்ற பிறகும் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருப்பதால் மூளை இன்னும் சுற்றுவதாக நினைக்கிறது. தரையைப் பார்த்தால் மோசமாகும். சில சுற்றுக்கு ஒருமுறை திருப்பாமல் நேர் அடி வைத்து, பிறகு இடச்சுற்றுக்கு மாறுவதுதான் வழி. வியன்னா நடனவிழாக்களில் விழாவைத் தொடங்கிவைக்கும் இளம் ஜோடிகள் இடச்சுற்று வால்ட்ஸ் ஆடுவது மரபு. அது முடிந்ததும் “அல்லெஸ் வால்ட்ஸர்” என்று ஒரு குரல் எழும். இனி எல்லோரும் ஆடலாம் என்பதற்கான உத்தரவு அது.

செருப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ரப்பர் அடி வைத்த ஷூ தரையைக் கவ்வும். பாதம் நிற்க, உடம்பு திரும்ப, நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். தோல் அல்லது ஸ்வேடு அடி வைத்த ஷூதான் வேண்டும். இல்லாவிட்டால் திருப்பத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தக் கதையின் 11 மணி ஆசாமிக்கு வருவோம். அதற்குமுன் ஒரு சின்ன வரலாறு. வால்ட்ஸுக்கு முன் ஐரோப்பிய மேட்டுக்குடி ஆடிய மினுவெட் போன்ற நடனங்களில் ஆணும் பெண்ணும் எட்ட நின்று விரல்நுனியைத் தொடுவார்கள். வால்ட்ஸ் வந்தது, கை முதுகுக்குப் போனது, ஜோடி ஒருவரை ஒருவர் மட்டும் பிடித்துக்கொண்டு சபையை மறந்து சுழன்றது. 1814-15இல் நெப்போலியனுக்குப் பிந்தைய ஐரோப்பாவைப் பங்குபோடக் கூடிய வியன்னா மாநாட்டின் நடனமாலைகள் அதன் புகழைப் பரப்பின. லண்டனில் 1816 ஜூலையில், மன்னருக்குப் பதிலாக ஆட்சி நடத்திய இளவரசர் ரீஜென்ட் தந்த விருந்தில் வால்ட்ஸ் ஆடப்பட்டது என்று அறிந்து டைம்ஸ் நாளிதழ் கொதித்தெழுந்தது. அநாகரிகமான அந்நிய நடனம் என்று சாடியது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே கவிஞர் பைரன் புனைபெயரில் வால்ட்ஸைக் கிண்டலடித்து ஒரு நெடுங்கவிதை எழுதிவிட்டார். ஒழுக்கத்துக்குப் பேர்போனவர் அல்ல பைரன். பிறவியிலிருந்தே ஒரு காலில் குறைபாடு இருந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கோபம் வேறு நிறத்தில் தெரியும்.

இந்தக் கண்டனம்தான் நேரடியாக ‘வால்ட்ஸ் இன்’ ஆக மாறியது என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். ஆனால் இரண்டிலும் ஒரே காட்சி: செய்பவர் கவலையில்லாமல் மிதக்கிறார், பார்ப்பவர் பல்லைக் கடிக்கிறார். இதை நினைவில் வைத்துக்கொண்டால் வினைச்சொல்லின் எல்லாப் பிரயோகமும் வரிசையாக விளங்கும்.

‘வால்ட்ஸ் இன்’, ‘வால்ட்ஸ் இன்டூ’: உள்ளே வருவது, ஆனால் வெட்கமோ தயக்கமோ இல்லாமல். தாமதமாக வந்தவரைப் பற்றியானால் தமிழில் தயாராக ஒரு தொடர் இருக்கிறது: “11 மணிக்கு ஆடி அசைந்து வந்து சேர்ந்தார்”. ஆட்டமும் இருக்கிறது, குற்றச்சாட்டும் இருக்கிறது. ஒரு வித்தியாசம் மட்டும்: ஆடி அசைந்து வருவதில் மந்தம் உண்டு, வால்ட்ஸில் வேகம் பற்றிய பேச்சே இல்லை, உறுத்தல் இல்லாமைதான் உண்டு. அனுமதியில்லாமல் நுழைந்தவரானால் “சொந்த வீடு மாதிரி நேரே உள்ளே போய்விட்டான்”. ஆங்கிலத்தில் மிக அதிகமாகக் காதில் விழும் வடிவம் “யூ கான்ட் ஜஸ்ட் வால்ட்ஸ் இன் ஹியர்”. அந்த ‘ஜஸ்ட்’ ஏறக்குறைய நிரந்தர விருந்தாளி. “நினைத்தபோது வந்துபோக இது என்ன சத்திரமா?” என்று தமிழில் சொல்லலாம். திறந்த வீட்டில் நாய் நுழைந்த மாதிரி என்ற பழமொழியும் பொருளில் கிட்டத்தட்ட வரும். ஆனால் அது அடிக்கிற அடி பெரியது, வால்ட்ஸ் கிள்ளுவதோடு நிற்கும்.

‘வால்ட்ஸ் ஆஃப் வித்’ வந்தால் இரண்டு பொருள். பரிசானால் “தட்டிக்கொண்டு போனாள்”. அடுத்தவரின் பேனாவோ குடையோ ஆனால் “லவட்டிக்கொண்டு போய்விட்டான்”. ‘வால்ட்ஸ் த்ரூ’ என்றால் தேர்வையோ நேர்காணலையோ ஊதித் தள்ளுவது. கேள்வியில் வந்த அணி இறுதிப்போட்டிக்குள் போனதும் இந்தப் பொருளில்தான், வியர்க்காமல் வென்றார்கள். விளையாட்டுச் செய்தியில் எரிச்சல் பெரும்பாலும் இருக்காது, வியப்பு இருக்கும். தோற்ற அணியின் ஊர்ப் பத்திரிகை எழுதினால் கொஞ்சம் இருக்கும்.

‘வால்ட்ஸ் அரவுண்ட்’ எனக்குப் பிடித்தது. ஒரு விஷயத்தை நேரே தொடாமல் அதைச் சுற்றியே பேசுவது. தமிழ் இதற்குச் “சுற்றி வளைத்துப் பேசுவது” என்கிறது. ஜெர்மன் வேரில் இருந்த சுழற்சி தமிழ்த் தொடரிலும் இருப்பது தற்செயல்தான், ஆனால் மொழிபெயர்ப்பவருக்கு இனாம். ‘வால்ட்ஸ் அப் டூ’ என்றால் ஒருவரிடம் தயங்காமல் நேரே போய் நிற்பது. செயப்படுபொருளோடு வந்தால் கதை மாறும்: காவலர்கள் ஒருவனை ‘வால்ட்ஸ்ட் ஹிம் ஆஃப்’ என்றால் அவனைப் பேச விடாமல் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே மிதப்பவர் போலீஸ், இழுபடுபவர் அவன்.

நடனமா, நக்கலா என்று தெரிய ஒரு சோதனை. ‘இன்’, ‘ஆஃப்’, ‘த்ரூ’, ‘அப்’ போன்ற சொல் எதுவும் ஒட்டாமல் தனியாக ‘தே வால்ட்ஸ்ட்’ என்றால் உண்மையிலேயே ஆடினார்கள். ஒட்டியிருந்தால் பெரும்பாலும் நக்கல். ‘அக்ராஸ் த ஃப்ளோர்’ என்று தளம் கூடவே வந்தால் மறுபடி நடனம். பக்கத்துச் சொற்களோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ‘பார்ஜ் இன்’ இடித்துத் தள்ளிக்கொண்டு வருவது, அதில் முரட்டுத்தனம் உண்டு. ‘பிரீஸ் இன்’ காற்றுபோல உற்சாகமாக வருவது, குற்றச்சாட்டு குறைவு. ‘சஷே’ இடுப்பை ஒடித்து ஒய்யாரமாக நடப்பது. அதுவும் ‘ஷாஸே’ என்ற பிரெஞ்சு நடன அடியிலிருந்து உருமாறி வந்த சொல்லே.

எங்கே பயன்படுத்தக் கூடாது? அலுவலகக் குறிப்பு, புகார் மனு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எதிலும் வேண்டாம். “மேலாளர் 10.40க்கு வால்ட்ஸ்ட் இன்” என்று எழுதினால் நேரத்தைப் பதிவு செய்யவில்லை, கருத்துச் சொல்கிறீர்கள். நேரம் மட்டும் வேண்டுமானால் ‘அரைவ்ட்’ போதும். உங்களைப் பற்றியே சொல்லிக்கொண்டால் அது தற்பெருமையாகவோ தன்னைத்தானே கிண்டல் செய்வதாகவோ போகும். வேலை விண்ணப்பத்தில் இரண்டும் ஆபத்து.

ஒரு பொறி: ‘வால்ட்ஸிங் மட்டில்டா’ என்ற ஆஸ்திரேலியப் பாட்டு. 1895இல் கவிஞர் பாஞ்சோ பேட்டர்சன் குயின்ஸ்லாந்தில் எழுதியது. இதில் நடனமும் இல்லை, மட்டில்டா என்று பெண்ணும் இல்லை. மட்டில்டா என்பது வேலைதேடி அலையும் நாடோடி முதுகில் சுமக்கும் துணிமூட்டை. ‘வால்ட்ஸிங்’ என்பதற்குப் பரவலாகச் சொல்லும் விளக்கம், ஜெர்மன் கைவினைஞர்கள் தொழில் பயின்றபின் ஊர் ஊராக வேலைதேடிப் போகும் ‘வால்ட்ஸ்’ என்ற வழக்கத்திலிருந்து வந்தது என்பது. ஆக, மூட்டையைத் தூக்கிக்கொண்டு கால்நடையாக அலைவது. மெட்டும் மூன்று தட்டு அல்ல, நாலு. மட்டில்டா என்ற பெண்ணோடு நடனமாடுவதாக இதைத் தமிழில் பெயர்த்தால் பாட்டு முழுக்கத் தடம்புரளும்.

நடனத்தின் பெயரைத் தமிழில் என்ன செய்வது என்றால், வால்ட்ஸ் என்றே விடலாம். ‘சுழல் நடனம்’ என்றால் வாசகர் மனதில் சூஃபிகள் வந்து நிற்பார்கள். ‘ஜோடி நடனம்’ என்றால் டாங்கோவும் அதில் அடங்கிவிடும். ஐஸ் ஸ்கேட்டிங்கில் ‘வால்ட்ஸ் ஜம்ப்’ என்று வந்தால் அதையும் அப்படியே விடுங்கள்: முன்னோக்கிக் கிளம்பி, அரைச்சுற்று திரும்பி, மறுகாலில் பின்னோக்கி இறங்கும், கற்பவர்கள் முதலில் பழகும் தாவல்களில் ஒன்று.

கடைசியாக, ‘பிரைடல் வால்ட்ஸ்’. மணமக்கள் ஆடும் முதல் நடனத்துக்கு ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களிலும் கோவாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தப் பெயர் உண்டு. பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் மாதிரி ரயில்வே குடியிருப்புகளின் நடனமாலைகளைக் கண்ட பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிக்கல் என்னவென்றால் இன்று அந்தப் பெயரில் ஒலிக்கும் பாட்டு பல கல்யாணங்களில் நாலு தட்டுப் பாட்டு. பெயர் மட்டும் வால்ட்ஸ். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பழகப் போகிறீர்கள் என்றால் ஆசிரியரைப் பார்ப்பதற்கு முன் பாட்டை ஓடவிட்டு, கனமான தட்டு விழும்போதெல்லாம் ‘ஒன்று’ என்று சொல்லி எண்ணிப் பாருங்கள். அடுத்த கனம் நாலாவது எண்ணுக்கு வந்தால் பெட்டி நடை பொருந்தும். ஐந்தாவது எண்ணுக்கு வந்தால் வால்ட்ஸ் அடி எத்தனை வாரம் பழகினாலும் ஒட்டாது. நாலு தட்டுக்கு ஆடும் ஜோடி நடனமான ஃபாக்ஸ்ட்ராட்டைச் சொல்லித்தரக் கேளுங்கள், அல்லது பாட்டை மாற்றுங்கள்.